எவ்வழி வந்தார் வாசகர்?

நம் இணையதளத்தின் தமிழ்ப் பக்கங்களுக்கு வருவோருள் எத்தனை பேர் சாட்ஜிபிடி, ஜெமினி முதலிய செயற்கை நுண்ணறிவு உரையாடற் கருவிகள் காட்டிய வழியே வருகின்றனர் என்பதை அறியவேண்டும் என்ற பேச்சு எழுந்துள்ளது. அறிவது நன்றே. ஆயின், அக்கணக்கின் இயல்பை ஆராயாது அதனை நம்புதல் தவறு.

ஒருவர் ஓர் இணைப்பை அழுத்தி வருங்கால், எங்கிருந்து வந்தார் என்னும் குறிப்பை அவரது உலாவி உடன் அனுப்புகிறது. 'ரெஃபரர்' எனப்படும் இக்குறிப்பின் ஆங்கிலப் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டது. 1996இல் வெளிவந்த நெறிமுறை ஆவணத்தில் அப்பிழையே நிலைத்தும் விட்டது. (மொழிபெயர்ப்பாளனுக்கு இதில் சிறிது ஆறுதல் உண்டு.) சாட்ஜிபிடி தான் தரும் இணைப்புகள் பலவற்றின் ஈற்றில் தன் பெயரையும் சேர்த்து விடுகிறது. இவ்விரண்டையும் கொண்டு ஒரு பகுதியினரை இனங்காணலாம்.

எஞ்சியோர் நிலை வேறு. கைப்பேசிச் செயலி வழியே வருவோர் பலரிடம் அக்குறிப்பு இராது. முகவரியைப் படியெடுத்து ஒட்டி வருவோரிடமும் இராது. இவர்கள் 'நேரடி வருகை' என்ற தலைப்பில் சேர்ந்துவிடுவர். கூகுளின் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கத்தின் வழி வருவோர் சாதாரணத் தேடற் கணக்கில் அடங்கிவிடுவர். நிலக்கடலையின் டிக்கா நோய்க்கு மருந்து கேட்டு, கருவி கூறிய விடையோடு வயலுக்குச் சென்றுவிடும் வேளாண் அலுவலரோ எப்பதிவிலும் இரார், அவ்விடை நம் பக்கத்திலிருந்தே எடுக்கப்பட்டதாயினும்.

ஆகவே இக்கணக்கைக் காட்டி, படிப்போர் இல்லையெனத் தமிழ்ப் பக்கங்களைக் குறைக்க முற்படுவது முறையன்று என்பது என் கருத்து. களப்பணியாளரும் ஆசிரியரும் ஒரு செய்தியை எவ்வழியில் பெற்றனர், அதில் பிழை இருந்ததா என இவ்விதழுக்கு ஒரு வரி எழுதினால், பதிவேட்டில் விழாத வாசகரை நாங்கள் ஓரளவேனும் அறிவோம்.