பெயரோடு ஒட்டிய ஊர்

திருச்சியில் வெளிநாட்டுக்குப் பிள்ளையை அனுப்பாத தெரு கிடையாது. அனுப்பும் வீடுகளில் ஒருநாள் இந்தப் பேச்சு வந்தே தீரும்: பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ‘சர்நேம்’ கட்டத்தில் என்ன எழுதுவது? காலியாக விடு என்பார் மாமா. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்த பிறகு மாமாவின் யோசனை எடுபடுவதில்லை. அப்பா பெயர் அந்தக் கட்டத்தில் ஏறி, குடும்பப் பெயராகிவிடுகிறது.

திருவானைக்காவலில் 1888-ல் பிறந்த சி.வி.ராமனுக்கு ‘சி’தான் அப்பா, சந்திரசேகர ஐயர். வெங்கடராமன் என்பது அவருடைய சொந்தப் பெயர். அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகருக்குத் தாத்தாவின் பெயர். ஒரே வீட்டுக்கு 1930-ல் ஒன்று, 1983-ல் ஒன்று என இரண்டு நோபல் பரிசு. பட்டியலைப் பார்க்கும் வெளிநாட்டுக்காரருக்கு இவர்கள் உறவுக்காரர்கள் என்றே தோன்றாது.

யூதர்களும் ஒரு காலத்தில் நம்மைப் போல இனிஷியல்காரர்கள்தான். இன்னாரின் மகன் இன்னார் என்பதே வழக்கம். ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப் 1787-ல், யூதர்கள் எல்லோரும் மாறாத ஒரு குடும்பப் பெயரை ஜெர்மன் மொழியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டார். 1808-ல் நெப்போலியனும் அப்படியோர் ஆணை போட்டார். வரி வசூலுக்கும் பட்டாளத்துக்கு ஆள் எடுப்பதற்கும் சர்க்காருக்குப் பெயர்ப் பட்டியல் வேண்டியிருந்தது. தொன்மையானவை என்று நாம் நினைக்கும் பல ஐரோப்பிய யூதப் பெயர்களுக்கு வயது இருநூற்றுச் சொச்சம்தான். கோஹன், லெவி போன்றவை வேறு வகை. அவை கோயில் கைங்கரியத்தால் வந்தவை. நம் ஊரில் பட்டர், அரையர் என்பது போல.

ஊர்ப் பெயரே குடும்பப் பெயரானதற்கு இந்தியாவிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. சாமாஜி ஹசாஜி திவேகர் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்த பெனே இஸ்ரேல் யூதர். கொங்கணக் கடற்கரையில் கப்பல் உடைந்து கரையேறிய ஏழு ஆண்கள், ஏழு பெண்களின் வம்சம் தாங்கள் என்பது அந்தச் சமூகத்தின் மரபுக்கதை. செக்கு ஆட்டிப் பிழைத்தார்கள். சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது. அதனால் ஊரார் வைத்த பெயர் ‘ஷன்வார் தேலி’, சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள். திவேகரின் பெயரைப் பிரித்துப் பாருங்கள். சாமாஜி அவர் பெயர், சாமுவேல் என்பதன் மராத்தி வடிவம். ஹசாஜி அப்பா. திவே ஊர். ஈரோடு வெங்கடப்ப ராமசாமியில் உள்ள அதே மூன்று சரக்கு, வரிசை மட்டும் தலைகீழ். கிஹிம் ஊர்க்காரர் கிஹிம்கர், பேண் ஊர்க்காரர் பேண்கர்.

மைசூர்ப் போரில் திவேகர் திப்புவிடம் சிறைப்பட்டார். இவர்கள் இஸ்ரவேலர் என்று கேட்டதும் திப்புவின் தாயார் உயிர்ப்பிச்சை வாங்கிக் கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. மீண்டு வந்தவர் 1796-ல் பம்பாயில் ஒரு ஜெப ஆலயம் கட்டினார். அங்கே பக்கத்து ரயில் நிலையத்துக்கு மஸ்ஜித் என்ற பெயர் அந்த ஆலயத்தால் வந்தது என்று சொல்வார்கள்.

இஸ்ரேல் உருவான பிறகு இந்தச் சமூகத்தில் பெரும்பாலோர் அங்கே போய்விட்டார்கள். போன இடத்தில் மதகுருமார்கள், இவர்களோடு திருமணம் செய்யும் முன் யூத வம்சத்தைத் தோண்டித் துருவி விசாரிக்க வேண்டும் என்றார்கள். ‘கர்’ என்று முடியும் பெயர் யாருக்கும் சாட்சி சொல்லவில்லை. மறியல், போராட்டம் எல்லாம் நடந்து, 1964-ல்தான் அவர்களை எல்லா வகையிலும் யூதர்களாக இஸ்ரேல் அரசு ஏற்றது.

சென்னைக் கதை இன்னும் விசித்திரம். கோல்கொண்டா வைரம் வாங்க மதராசுக்கு வந்த ஆம்ஸ்டர்டாம் யூதர் பைவா 1687-ல் அங்கேயே இறந்தார். பைவா என்பது போர்ச்சுகலில் ஓடும் ஓர் ஆறு. 1497-ல் அந்த நாட்டு யூதர்களைக் கட்டாயப்படுத்தி ஞானஸ்நானம் செய்துவைத்தபோது கிறிஸ்தவப் பெயர்களும் கூடவே வந்தன. பிறகு தப்பிப்போய் மறுபடி வெளிப்படையாக யூதர்களானவர்களில் பலர் பெயரை மட்டும் மாற்றவில்லை. அடித்து விரட்டிய நாட்டின் பெயரைத் தலைமுறை தலைமுறையாகத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். அது பாசமா, பழக்கமா, வியாபாரத்துக்கு வசதியா? மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் என்றே நினைக்கிறேன்.

நம் பக்கத்திலும் இப்படிப் பழைய பெயரைத் தூக்கி வருகிறவர்கள் உண்டு. ஸ்ரீரங்கத்துக் கல்யாணப் பத்திரிகைகளில் முடும்பை, கந்தாடை, கிடாம்பி என்று பெயருக்கு முன்னால் பார்த்திருப்பீர்கள். கந்தாடை என்றால் ராமானுஜரின் சீடர் முதலியாண்டான் வழி. முடும்பைக் குடியில் வந்தவர்தான் வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாச்சாரியார். 1323-ல் டில்லிப் படை வந்தபோது ஸ்ரீரங்கத்து உற்சவரான நம்பெருமாளையே எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே போய், திரும்ப வராமலே மறைந்தார். பெருமாள் ஊர் திரும்பியது 1371-ல். இன்று ஹைதராபாத்திலும் அமெரிக்காவிலும் இருக்கும் கந்தாடைக்காரர்களுக்கு அந்தப் பெயர் வெறும் ‘லாஸ்ட் நேம்’.

குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் ஆதி தெரிந்துவிடும் என்பது வீண் நம்பிக்கை. எந்தக் காலத்தில், எந்த ஊரில் இருந்தபோது, யார் அதிகாரத்தில் பெயர் பதிவானது என்பதைத்தான் அது சொல்லும். அதற்கு முந்தைய கதை வாய்மொழியில் இருந்தால் உண்டு.

சர்நேம் கட்டத்தில் அப்பா பெயரைப் போடுங்கள், தப்பில்லை. கூடவே பூர்வீக ஊர், அங்கிருந்து எப்போது, எதற்காகக் கிளம்பினோம், கொள்ளுத்தாத்தா பெயர் என்ன என்பதை ஒரு நோட்டில் எழுதிப் பிள்ளையின் பெட்டியில் வையுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.