முற்றத்தில் அடிக்கும் வர்ணமும் அண்டை வீட்டாரின் மூச்சும்



இலங்கையிலும் வளைகுடா நாடுகளிலும் பிக்அப் வாகனம் வைத்துத் தொழில் செய்வோர் நம்மில் பலர். அவ்வாகனத்தின் பின்தொட்டியை மூடும் கேனோபி, பெரும்பாலும் கண்ணாடியிழையால் ஆன மேற்கூடு. சில ஆண்டுகள் வெயிலில் நின்றால் அதன் பளபளப்பு மங்கிவிடும். கைவைத்தால் வெண்தூள் ஒட்டும். பட்டறைக் கூலிக்கு அஞ்சி, விடுமுறை நாளில் வீட்டு முற்றத்திலேயே கம்ப்ரஸரை வைத்து வர்ணம் அடிக்கச் சிலர் முற்படுகின்றனர். சிக்கனமும் கைத்தொழிலும் போற்றத்தக்கவையே. ஆயினும், அச்சிக்கனத்தின் விலையை யார் செலுத்துகிறார் என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தாக வேண்டும்.

இவ்வேலையின் பெரும்பகுதியை வீட்டில் செய்வதில் தடையேதும் இல்லை. மேற்கூட்டைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, மெழுகும் எண்ணெய்ப் பசையும் போகத் துடைத்த பின்னரே உப்புத்தாளைக் கையில் எடுக்க வேண்டும். முதலில் தேய்த்துவிட்டால் அப்பசை கீறல்களுக்குள் இறங்கிவிடும். பின்னர் வர்ணம் ஒட்டாமல் குழிகுழியாய் விலகும். 320 எண் தாளால் நீர் விட்டுத் தேய்ப்பது நன்று; இழைத்தூசி பறக்காது. மேலே உள்ள ஜெல்கோட் படலத்தைத் தாண்டி இழை தெரியும்வரை தேய்த்துவிடக் கூடாது; ஊசித்துளைகள் தோன்றும். பழைய வர்ணத்தை உரிக்கும் இரசாயனத்தையும் தொடவேண்டாம். அது வர்ணத்தோடு பிசினையும் அரித்துவிடும். விரிசலைப் பட்டி பூசி மறைப்பது போதாது. உட்புறத்தில் இழைப்பாயும் பிசினும் இட்டு வலுவூட்ட வேண்டும். பிரைமர் காய்ந்தபின் 400 முதல் 600 எண் தாளால் மீண்டும் நீர் விட்டுத் தேய்த்தால், மேற்கூடு வர்ணத்திற்கு ஆயத்தமாகிவிடும்.

இதுவரை எல்லாம் நலமே. கேடு தொடங்குவது இறுதிப் பூச்சில்தான். வாகனங்களுக்கு அடிக்கும் உறுதியான பளபளப்புப் பூச்சுகள் பல, ஹார்ட்னர் கலந்து பயன்படுத்துபவை. அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்னும் இரசாயனம் உள்ளது. ஸ்பிரே கன்னால் அடிக்கும்போது அது கண்ணுக்குப் புலப்படாத நுண்துளிகளாய்க் காற்றில் மிதக்கிறது. நாம் முகர்வது தின்னரின் வாடையை மட்டுமே. ஐசோசயனேட் தன் வரவை மணத்தால் அறிவிப்பதில்லை. தொழில்வழி வரும் ஆஸ்துமாவின் முதன்மைக் காரணங்களுள் இதுவும் ஒன்று. ஒருமுறை உடல் இதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பின்னர் மிகச் சிறிய அளவும் மூச்சை முடக்கப் போதும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் 24 முதல், இவ்வகை இரசாயனம் 0.1 விழுக்காட்டுக்கு மேல் உள்ள பொருள்களைத் தொழில்முறையில் கையாள்வோர் முன்னதாகப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் எனச் சட்டமே வந்துவிட்டது. முறையான பட்டறைகளில், குழாய் வழியே தூய காற்று வரும் முகக்கவசம் அணிந்தே இதை அடிப்பர். நாமோ மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொள்கிறோம்; கம்ப்ரஸர் குழாயைப் பிடிக்க மத்ரஸா விடுமுறையில் இருக்கும் பிள்ளைகளை அழைக்கிறோம்.

“எத்தனையோ பேர் காலமெல்லாம் அடிக்கிறார்கள், அவர்களுக்கு என்ன ஆயிற்று?” என்று கேட்போர் உண்டு. எவருடைய உடல் எப்போது ஒவ்வாமை கொள்ளும் என்பதை முன்கூட்டி அறிய முடியாது. நலமாய் இருப்பவரைக் காட்டி, நோயுற்றுத் தொழிலை விட்டவரை மறந்துவிடலாகாது. “திறந்த வெளிதானே?” என்பது மற்றொரு வாதம். வெளியில் அடித்த நுண்துளிகள் மதிலோடு நின்றுவிடுவதில்லை. மதிலுக்கு அப்பால் கொடியில் துணி உலர்த்தும் பெண்மணியும், திண்ணையில் அமர்ந்திருக்கும் இளைப்பு நோயுள்ள முதியவரும் நம் சிக்கனத்தில் பங்கு கேட்டவர்கள் அல்லர்.

தீங்கு அகற்றப்பட வேண்டும் என்பது ஃபிக்ஹுக் கலையின் ஐந்து அடிப்படை விதிகளுள் ஒன்று. நன்மையைத் தேடுவதைவிடக் கேட்டைத் தடுப்பது முந்தியது என்பதையும் நம் இமாம்கள் வகுத்துத் தந்துள்ளனர். அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி ஜும்ஆ மேடையில் கேட்டுத் தலையசைக்கும் நாம், ஸ்பிரே கன்னைக் கையில் எடுக்கும்போதும் அதை நினைவில் கொள்ள வேண்டாமா?

வழி இரண்டு உண்டு. முதலாவது, மேற்சொன்ன ஆயத்த வேலைகள் அனைத்தையும் வீட்டிலேயே முடித்து, இறுதிப் பூச்சை மட்டும் காற்றோட்ட வசதியுள்ள பட்டறையில் ஒப்படைப்பது. உழைப்பின் பெரும்பகுதி தேய்ப்பதில்தான் உள்ளது என்பதால், கூலியைக் குறைத்துப் பேச இடமுண்டு. இரண்டாவது, ஹார்ட்னர் கலக்கத் தேவையற்ற எனாமலை ஸ்பஞ்சு உருளையால் மெல்லிய படலங்களாகப் பூசுவது. நிழலில், பனி இறங்கும் முன், அடுப்பிலிருந்து விலகி, ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் அடுத்ததைப் பூசினால் கண்ணுக்கு இனிதாகவே அமையும். பட்டறைப் பளபளப்பும் நீடிப்பும் அதற்கு வாய்க்காதுதான். சாமான் ஏற்றும் வண்டிக்கு அது ஒரு குறையா? கையடக்க ஸ்பிரே டின் வாங்குவோரும் ஒன்றைக் கவனிக்கவும்: சில டின்களின் உள்ளேயே ஹார்ட்னர் தனி அறையில் அடைக்கப்பட்டிருக்கும். மேலே எழுதியிருப்பதைப் படித்த பின்னரே வாங்குங்கள்.

நம் வாகனம் பொலிவு பெறுவது நல்லதே. அதற்காக எவருடைய மூச்சும் சுருங்கிவிடக் கூடாது. தன் கையாலும் நாவாலும் பிறருக்குத் தீங்கு வராமல் காக்கும் நன்மக்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.