மருந்தோடு வரவேண்டிய நாலு வார்த்தை

ஒரு வாசக சகோதரி எழுதியிருக்கிறார்: "குழந்தைக்கு ஜுரம். டாக்டர் எழுதிக் கொடுத்த சிரப்பை வாங்கும்போது, ஒரு நாளைக்கு எத்தனை தரம் கொடுக்கணும், எவ்வளவு நேரம் விட்டுக் கொடுக்கணும் என்று கடையில் கேட்டேன். 'அதெல்லாம் டாக்டர்கிட்ட கேட்டிருக்கணும்மா, கூட்டம் நிக்குது பாருங்க' என்று சொல்லிவிட்டார். அவருக்கு அதைச் சொல்லவேண்டிய கடமை உண்டா, இல்லையா?"

உண்டு சகோதரி, நிச்சயமாக உண்டு. மளிகைக் கடையில் பருப்பை எப்படி வேகவைப்பது என்று அவர் சொல்லித்தர வேண்டியதில்லை. மருந்துக்கடை அப்படியில்லை. அங்கே பொருளோடு சேர்த்து நாலு வார்த்தையும் நமக்கு வந்தாக வேண்டும். என் அண்ணன் மகள் பி.ஃபார்ம் படித்தவள். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் இந்தப் பகுதியை எழுதுகிறேன்.

முதலில், கடையில் நிற்கிற எல்லாரும் மருந்தாளுநர் இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 1948-ல் வந்த பார்மஸி சட்டப்படி, டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பவர் பதிவு பெற்ற மருந்தாளுநராக இருக்க வேண்டும். இல்லையென்றால் அவருடைய நேர்ப் பார்வையில் கொடுக்க வேண்டும். பிளஸ் டூ முடித்து, குறைந்தது இரண்டு வருஷ டிப்ளமோ படித்து, பயிற்சியும் எடுத்து, கவுன்சிலில் பதிவு செய்தவர் அவர். கடைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்குமே, அதுதான் அவருடைய பதிவுச் சான்றிதழ். வெள்ளைக் கோட்டில் அவர் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.

2015-ல் இந்திய பார்மஸி கவுன்சில் கொண்டுவந்த விதிமுறை இன்னும் தெளிவு. சீட்டை வாங்கியதும், நோயாளியிடமோ அவருக்காக வந்தவரிடமோ மருந்தாளுநர் தாமாகவே பேச்சை ஆரம்பிக்க வேண்டும் என்கிறது. மருந்தின் பெயர், எதற்காக, எவ்வளவு, எத்தனை நாள், என்ன தொந்தரவு வரலாம், எதோடு சேரக்கூடாது, எங்கே வைப்பது, ஒரு வேளை மறந்துபோனால் என்ன செய்வது, இத்தனையும் அதில் இருக்கிறது. ஆகவே நாம் கேட்பது சலுகை இல்லை. அவர் சொல்லவேண்டியதைத்தான் கேட்கிறோம்.

"இவ்வளவு பேசினால் கடை நடக்குமா?" என்று உங்கள் வீட்டுக்காரர் சிரிக்கலாம். ஒரே ஒரு கேள்வி என்ன செய்யும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

என் சித்திக்கு முடக்குவாதம். காலையில் விரல் மடங்காது, தோசைக் கரண்டி பிடிக்க முடியாது. டாக்டர் புதிதாக மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரை எழுதினார். வாங்கப் போனபோது நானும் கூட இருந்தேன். கடையில் இருந்த பெண் அட்டையை எடுத்துவிட்டு, உடனே கையில் கொடுக்காமல் கேட்டாள்: "எந்தக் கிழமை போட்டுக்கப் போறீங்கம்மா?"

"கிழமை என்ன கிழமை? தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு" என்றார் சித்தி. அவருடைய மற்ற மாத்திரைகள் எல்லாம் தினமும் போடுவதுதானே.

அந்தப் பெண் பதறவில்லை, சித்தியைக் கடிந்துகொள்ளவும் இல்லை. "இது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடற மாத்திரைம்மா. ஒரு நிமிஷம், டாக்டரையும் கேட்டுடறேன்" என்று போன் போட்டு உறுதி செய்துகொண்டாள். பிறகு கவரின் மேல் பெரிய எழுத்தில் 'ஞாயிறு மட்டும்' என்று தமிழில் எழுதினாள். "வாயில புண்ணு, ஜுரம், மூச்சு வாங்கறது, இதுல எது வந்தாலும் அடுத்த மாத்திரை போடாம டாக்டரைப் பாருங்க. டாக்டர் சொல்ற ரத்தப் பரிசோதனையை விட்டுடாதீங்க" என்றாள். கடைசியில் சித்தியையே திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

இந்த மாத்திரையை வாரம் ஒன்றுக்குப் பதிலாக தினமும் போட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்று அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. பல நாடுகளில் இந்தத் தவறால் உயிர்கள் போயிருக்கின்றன.

ஒரு நல்ல மருந்தாளுநரின் தர்மம் முழுக்க அந்த ஐந்து நிமிஷத்தில் இருந்தது. சந்தேகம் வந்தபோது தானாக முடிவெடுக்காமல் டாக்டரைக் கேட்டாள். நோயாளி முன்னால் டாக்டரைக் குறை சொல்லவில்லை. பக்கவிளைவை மறைக்கவும் இல்லை, சொல்லிப் பயமுறுத்தவும் இல்லை. புரிகிற பாஷையில் சொன்னாள். புரிந்ததா என்றும் பார்த்தாள்.

பக்கவிளைவு விஷயம்தான் இதில் சங்கடமானது. எல்லாவற்றையும் சொன்னால் சிலர் பயந்து மருந்தையே நிறுத்திவிடுவார்கள். சொல்லாவிட்டாலும் நிறுத்துவார்கள்! எங்கள் தெருவில் ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தி, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து இரும்புச்சத்து மாத்திரையை இரண்டு வாரம் தொடவில்லை. அந்த மாத்திரைக்கு அது சகஜம் என்று கொடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். டீ, காபியோடு சேர்த்துப் போட்டால் சத்து சரியாக உடம்பில் சேராது என்பதையும் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. என் அண்ணன் மகள் சொல்கிற முறை இது: சாதாரணமாக வரக்கூடியது எது, அதற்குப் பயப்படவேண்டாம், எது வந்தால் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துச் சொன்னால் யாரும் மிரளமாட்டார்கள்.

இப்போது அந்த சகோதரி கேட்ட ஜுர மருந்துக்கு வருவோம். இளம் தாய்மார்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். பாராசிட்டமால் குழந்தைகளுக்கு ஒரே பலத்தில் வருவதில்லை. சொட்டு மருந்தில் பொதுவாக 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ளது ஒன்று. 250 மில்லிகிராம் உள்ளது இன்னொன்று. பெட்டி பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

ஒரு வேளைக்குக் குழந்தையின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. 10 கிலோ குழந்தைக்கு அதிகபட்சம் 150 மில்லிகிராம். அது 120 சிரப்பில் சுமார் 6 மில்லி, 250 சிரப்பில் 3 மில்லி, சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. 'போன தடவை 6 மில்லி கொடுத்தோமே' என்று 250 சிரப்பில் 6 மில்லி கொடுத்தால் இரண்டு மடங்கு. சொட்டு மருந்தில் கொடுத்தால் நாலு மடங்கு! அளவு மீறினால் ஈரல் கெடும். அதனால், "இது எந்த பலம்? என் குழந்தை இத்தனை கிலோ, எத்தனை மில்லி?" என்று கேட்டு, பாட்டிலின் மேலேயே எழுதி வாங்குங்கள். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 முதல் 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஒரு நாளைக்கு 4 தடவைக்கு மேல் கூடாது. அளக்க சமையலறை ஸ்பூன் வேண்டாம். ஒவ்வொரு வீட்டு ஸ்பூனும் ஒவ்வொரு அளவு. மருந்தோடு வரும் மூடியையோ குழாயையோ உபயோகியுங்கள்.

சொல்வது மட்டும் கடமை இல்லை, சில சமயம் 'தரமாட்டேன்' என்பதும் கடமை. அட்டையில் சிவப்புக் கோடு போட்ட ஆன்டிபயாடிக் மாத்திரைகளைச் சீட்டு இல்லாமல் கேட்டு, அவர் மறுத்தால் நமக்குக் கோபம் வருகிறது. 'நாலு கடை தள்ளிப் போனால் கொடுக்கிறார்கள்' என்கிறோம். மறுத்தவர்தான் நம் குழந்தைக்கு நல்லது செய்தவர். தேவையில்லாமல் போட்டுப் போட்டு, நிஜமாகத் தேவைப்படுகிற அன்று அந்த மருந்து வேலை செய்யாமல் போகிறது. 2014 முதல் சில ஆன்டிபயாடிக், காசநோய், தூக்க மருந்துகளை யாருக்கு, எந்த டாக்டர் சீட்டுக்குக் கொடுத்தோம் என்று கடையில் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. நிமெசுலைடு என்ற ஜுர மருந்தை 12 வயதுக்குக் கீழ் கொடுக்கக்கூடாது என்று 2011-லேயே தடை போட்டார்கள். குளோர்பெனிரமின், பினைல்எப்ரின் இரண்டும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக்கூடாது என்று 2023-ல் உத்தரவு வந்தது. 'சளிக்கு ஏதாவது கொடுங்க' என்று நாம் கேட்டால், 'குழந்தைக்கு என்ன வயசு?' என்று அவர் திருப்பிக் கேட்க வேண்டும்.

பில் வாங்காமல் வராதீர்கள். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா பக்கம் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்துபோனதை மறக்க முடியுமா? அந்த சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் கலந்திருந்தது. இப்படி ஒரு மருந்தைத் திரும்பப் பெறும்போது, நம் வீட்டு பாட்டில் அந்த பேட்ச்தானா என்பதை பேட்ச் எண்ணை வைத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். பாட்டிலிலும் பில்லிலும் அந்த எண் இருக்கும்.

இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, ரகசியம். கர்ப்பத்தடை மாத்திரை, வெள்ளைப்படுதலுக்கு மருந்து, மனநல மாத்திரை இவற்றைப் பத்து பேர் நிற்கும்போது உரக்கப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பது தவறு. 'அந்த வீட்டு மருமகள் இது வாங்கினாள்' என்று கடையைத் தாண்டிப் பேச்சு போவது அதைவிடத் தவறு. "கொஞ்சம் தனியா சொல்லுங்க" என்று நீங்கள் கேட்கலாம்.

இன்னொன்று, பணம். சீட்டில் உள்ளது இல்லையென்றால், 'இதுவும் அதுதாம்மா' என்று வேறு பெயரில் ஒன்றைத் தாமாக மாற்றிக் கொடுக்கக்கூடாது. டாக்டரைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். தமக்கு லாபம் அதிகம் என்பதற்காக ஒரு டானிக்கைத் தலையில் கட்டுவதும் முறையில்லை. விலை கட்டவில்லை என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அதே மருந்து மூலப்பெயரில் மலிவாக மக்கள் மருந்தகங்களில் கிடைக்கிறது. 2025 பிப்ரவரியில் தமிழகத்தில் 1000 முதல்வர் மருந்தகங்களும் திறந்தார்கள். மூலப்பெயரை எழுதித் தரும்படி டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

நம் பக்கத்துக் கடமையும் உண்டு. கர்ப்பமா, தாய்ப்பால் கொடுக்கிறோமா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறோம், சித்த மருந்து உண்டா என்று நாமாகச் சொல்லவேண்டும். உதாரணமாக, தைராய்டு மாத்திரை காலையில் வெறும் வயிற்றில் போட வேண்டியது. கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கும் அதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். நாம் சொன்னால்தானே அவர் சொல்ல முடியும்? அப்புறம், 'எனக்கு இந்த மாத்திரை நல்லா கேட்டது, நீயும் போடு' என்று அட்டையைக் கிழித்து பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிறோமே, அதை இன்றோடு விட்டுவிடுவோம்.

மருந்து சாப்பிட்டு வேண்டாத விளைவு வந்தால், டாக்டரைப் பார்த்த பிறகு 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நீங்களே தெரிவிக்கலாம். கடையில் மருந்தாளுநரே இல்லாமல் மருந்து விற்றால் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம்.

கீழே உள்ள ஐந்து கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி, மருந்துச் சீட்டு வைக்கிற பையிலேயே போட்டு வையுங்கள்.

1. இது எதற்கான மருந்து?

2. எவ்வளவு, எந்த நேரம், சாப்பாட்டுக்கு முன்பா பின்பா? தினமுமா, வாரம் ஒரு முறையா?

3. எத்தனை நாள்? நடுவில் நன்றாகிவிட்டால் நிறுத்தலாமா? ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது?

4. என்ன தொந்தரவு வரலாம்? எது வந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்?

5. எதோடு சேர்த்துச் சாப்பிடக்கூடாது? எங்கே வைப்பது, திறந்தபின் எத்தனை நாள் இருக்கும்?

கடையில் கூட்டம் இருந்தால் ஓரமாக ஐந்து நிமிஷம் நில்லுங்கள். கூட்டம் குறைந்ததும் கேளுங்கள். பதில் சொல்கிறவர் கடைக்கே அடுத்த தடவையும் போங்கள்.