வானிலிருந்து ஒரு சாட்சி

1971 நவம்பர் 24 அன்று அமெரிக்காவில் ஒருவன் விமானத்தைக் கடத்தி, 2,00,000 டாலர் பெற்று, இரவில் பாராசூட்டுடன் குதித்து மறைந்தான். 'டி.பி. கூப்பர்' என்று பத்திரிகைகள் அழைத்த அவன் யாரென்பது இன்றும் தெரியாது. 2016-இல் எஃப்.பி.ஐ.யே தீவிர விசாரணையை நிறுத்திவிட்டது.

"அவன் யார்?" என்றே எல்லோரும் கேட்கின்றனர். அறிவியல் மாணவர் கேட்கவேண்டியது வேறு என்பேன். 1980-இல் கொலம்பியா ஆற்றங்கரையில், டீனா பார் என்னுமிடத்து மணலில், அப்பணத்தில் 5,800 டாலரை ஒரு சிறுவன் கண்டெடுத்தான். அது எப்போது அங்கே வந்தது?

1974-இல் ஆற்றைத் தூர்வாரிய மணலை அக்கரையில் கொட்டியிருந்தனர். பணம் அவ்வடுக்குக்கு மேலே இருந்ததாக மண்ணியலறிஞர் லெனர்ட் பால்மர் கருதினார். அப்படியானால் இடைப்பட்ட ஆண்டுகளில் அது எங்கே கிடந்தது? பிற்கால ஆய்வாளர்கள் பழைய வான்வழிப் படங்களைத் தேடியெடுத்து, மணல் கொட்டிய இடத்தைப் பணம் கிடைத்த இடத்தோடு ஒப்பிட்டனர். சரியான வழிதான். படம் யாருக்கும் பரிந்து பேசுவதில்லை.

ஆயினும் ஒரே படத்தைக் காட்டி முடிவு கூறுவதை நான் ஏற்கவில்லை. பள்ளிக்கூடம் போகாத என் தந்தையிடம் இதைச் சொன்னபோது, "ஆத்து மணல் கொட்டுன எடத்துலயா கெடக்கும்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. ஆண்டுவாரியாகப் படங்களை அடுக்கி, குழி தோண்டிக் கண்ட மண்ணடுக்குகளையும் அருகில் வைத்தால்தான் அவருக்கு விடை சொல்ல இயலும்.