ஜிம்மிக்கு ஒரு கயிறு

நாயோடு கடற்கரையில் நடப்பவர்களைப் பார்த்தால் ஒரு சந்தேகம் எழும். யார் யாரை அழைத்துக்கொண்டு போகிறார்கள்? எஜமானருக்குத் தெற்கே போக ஆசை. நாயோ வடக்கே ஒரு நண்டைப் பார்த்துவிட்டது. கடைசியில் இருவரும் வடக்கேதான் போவார்கள்!

"வீட்டில்தான் கட்டிப் போடுகிறோம், கடற்கரையிலாவது பாவம் ஓடட்டுமே" என்று கயிற்றை அவிழ்த்துவிடுகிறவர்கள் உண்டு. சென்னை பெசன்ட் நகரில், ஷ்மிட் நினைவுச் சின்னத்தருகே விடியற்காலையில் நாய் துள்ளி ஓடுவது ரம்மியமான காட்சிதான். ஆனால் ஜனவரி முதல் மே வரை அந்த இரக்கம் வேண்டாம். அந்த மாதங்களில் அந்த மணல் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி!

மீனவர்கள் 'பங்குனி ஆமை' என்று சொல்லும் கடலாமை இரவில் கரையேறுகிறது. சுமார் 1½ அடி ஆழத்துக்குக் குழி பறித்து, ஏறக்குறைய 100 முட்டைகள் இட்டு, மணலை மூடி, உடம்பாலேயே தட்டிச் சமன் செய்துவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. பிறகு எட்டிப் பார்ப்பதே இல்லை. 45 முதல் 60 நாள் வரை மணலின் சூடுதான் முட்டைகளுக்குத் தாயார். குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக்கூட அந்தச் சூடுதான் தீர்மானிக்கிறது.

மனிதர் கண்ணுக்கு அந்த இடம் வெறும் மணல். நாயின் மூக்கை ஏமாற்ற முடியுமா? சற்று நேரத்தில் குழி காலி.

1988 முதல் சென்னையில் மாணவர்கள் இந்தப் பருவத்தில் தூக்கத்தைத் துறந்து, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து, ஆமைத் தடம் பார்த்து முட்டைகளை எடுத்து வேலிக்குள் புதைத்துப் பாதுகாத்து வருகிறார்கள். அவர்கள் கண்ணுக்கும் தப்புகிற குழிகள் இருக்கும் அல்லவா?

"ஏன் சார், ஆமைகள் செத்து ஒதுங்குவதெல்லாம் எங்கள் ஜிம்மியாலா?" என்று கேட்டார் ஒரு சிநேகிதர். நியாயமான கேள்வி. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, இழுவைமடி வலைகளில் சிக்கி மூச்சுத் திணறியதே காரணம் என்று பேசப்பட்டது. ஜிம்மி நிரபராதி!

"வலை உங்கள் கையில் இல்லை, சார். கயிறு இருக்கிறதே!" என்றேன். சிரித்துக்கொண்டார்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, ஈர மணலோடு நடந்தால் போதும். ஆமை முட்டையிடுவது அலை எட்டாத மேட்டில். டிராக்டர் சக்கரம் போனாற்போல் மணலில் தடம் தெரிந்தால் விலகிப் போங்கள். டார்ச் அடிக்காதீர்கள், குஞ்சுகள் வெளிச்சம் தெரிகிற பக்கத்தைக் கடல் என்று நம்பி ஊர்ந்துவிடும். ஜிம்மிக்குக் குடிக்க நல்ல தண்ணீர் எடுத்துப் போங்கள். உப்புத் தண்ணீர் வயிற்றைக் கெடுக்கும்.

இன்று தப்பும் பெண் குஞ்சு வளர்ந்து முட்டையிட வரச் சுமார் 15 வருஷம் ஆகும். அப்போது அதே கரையில் ஜிம்மியின் பேரன் யாரையாவது இழுத்துக்கொண்டு போவான். கயிறு மட்டும் இருக்கட்டும்!