உயிர் பிழைத்தது, பிழைப்பு போனது! பக்கவாதம் வந்தவர் வீட்டுக்கு யார் யார் போக வேண்டும்?

சென்னை:

பக்கவாதம் வந்தவரை ஆஸ்பத்திரி காப்பாற்றி விடுகிறது. வீட்டுக்கு அனுப்பிய பிறகு அவரைக் காப்பாற்றுவது யார்?

"திடீர்னு கை கால் இழுத்துக்கிச்சு, வாய் கோணிக்கிச்சு" என்று அலறல் கேட்டால் 108-க்கு போன் போகிறது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிறார்கள். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்று தெரிந்தால், நோய் தாக்கிய 4½ மணி நேரத்துக்குள் ஊசி போட்டு அதைக் கரைக்கப் பார்க்கிறார்கள். டாக்டர்களும் நர்சுகளும் ஓடுகிறார்கள். உயிர் தப்புகிறது.

சில நாளில் டிஸ்சார்ஜ். கையில் ஒரு சீட்டு, ஒரு பை மாத்திரை. தொல்லை ஆரம்பிப்பது அதற்குப் பிறகுதான்!

ஒரு நோய், இரண்டு சம்பளம்

கொத்தனாருக்கு வலது கை விழுந்தால் கரண்டி பிடிக்க முடியாது. ஆட்டோ டிரைவருக்கு இடது கை போனால் கிளட்ச் பிடிக்க முடியாது. அன்றோடு வருமானம் நின்றது. நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து சம்பாதித்த மனைவியும் புருஷனைப் பார்த்துக் கொள்ள வேலையை விடுகிறார். ஒரு நோய்க்கு இரண்டு சம்பளம் பலி!

மாடி வீட்டுக்காரர் பாடு இன்னும் மோசம். பெரும்பாக்கம் மாதிரி அடுக்குமாடிக் குடியிருப்பில் லிப்ட் நின்றால், மாடியே அவருக்கு ஜெயில்.

தட்டுத் தடுமாறி தெருவுக்கு வந்தாலும் நிம்மதி இல்லை. நாக்கு குழறுகிறது, நடை தள்ளாடுகிறது. பார்க்கிறவர்கள் "பட்டப் பகலிலேயே தண்ணி போட்டுட்டான்" என்கிறார்கள். பஸ்சிலும் அதே பேச்சு.

மூளையின் இடது பக்கம் அடி பட்டால் பேச்சே போய்விடுவதும் உண்டு. பலருக்கு எதிரில் இருப்பவர் பேசுவது புரியும். பதில் சொல்லத்தான் வார்த்தை வராது. "அவருக்கு ஒண்ணும் புரியாது, விடுங்க" என்று அவர் முகத்துக்கு எதிரிலேயே உறவினர்கள் பேசுகிறார்கள். எவ்வளவு கொடுமை!

பக்கவாதம் வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருவதாக டாக்டர்கள் சொல்கிறார்கள். சாப்பிட மறுப்பது, எரிந்து விழுவது, "நான் ஏன் இருக்கணும்" என்பது எல்லாம் இதில் சேரும். வீட்டில் இருப்பவர்கள் அதைத் திமிர் என்று நினைத்துக் கொள்கிறார்கள்.

இந்த நேரம் பார்த்துத்தான் "புறா ரத்தம் தடவினால் சரியாகும்" என்று ஆள் வருகிறான். பழுதானது மூளை. தோலில் எதைத் தடவி என்ன பலன்? கடன் வாங்கிய பணம் போனதுதான் மிச்சம். ரத்தக் கொதிப்பு மாத்திரையையும் நிறுத்தி விட்டால், நோய் மறுபடியும் தாக்கும் ஆபத்து கூடுகிறது.

குடும்பம் மட்டும் போதுமா?

"வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்து விட்டால் போதாதா?" என்று கேட்கலாம். இதை இந்தியாவிலேயே சோதித்துப் பார்த்து விட்டார்கள். 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிப் பேரின் குடும்பத்தாருக்கு வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். மறு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. முடிவு 2017-ல் 'லான்செட்' பத்திரிகையில் வந்தது.

6 மாதம் கழித்து இறந்தவர்களும், பிறர் தயவில் இருப்பவர்களும் எத்தனை என்று கணக்கு எடுத்தார்கள். இந்தப் பக்கமும் 47 சதவீதம், அந்தப் பக்கமும் 47 சதவீதம்! குடும்பத்தார் பாசத்தில் குறை இல்லை. ஆனால், சமைத்து, குளிப்பாட்டி, கடன்காரனுக்கும் பதில் சொல்லும் ஒரு பெண்ணின் தலையில் வைத்தியத்தையும் கட்டினால் நடக்குமா?

லண்டன், ஸ்டாக்ஹோம் போன்ற நகரங்களில் 1990-களிலேயே வேறு வழியைச் சோதித்தார்கள். நோயாளியைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பி, பின்னாலேயே ஒரு குழுவையும் அனுப்பினார்கள். டாக்டர், நர்சு, பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், உடுத்தவும் உண்ணவும் மறுபடி பழக்குகிற ஆகுபேஷனல் தெரபிஸ்ட் என்று பல பேர் கொண்ட குழு. எல்லோரும் அடிக்கடி ஒன்றாக உட்கார்ந்து, இன்னாருக்கு அடுத்து என்ன என்று பேசி முடிவு செய்வார்கள். பாதிப்பு லேசாகவோ நடுத்தரமாகவோ இருந்தவர்களுக்கு இதில் நல்ல பலன் கிடைத்தது. பிறர் தயவில் கிடப்பவர் எண்ணிக்கை குறைந்தது.

பாதி வழி வந்தாச்சு

தமிழ்நாடு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்தன. வீட்டுக்கு வந்து பிசியோதெரபி கொடுப்பதும் தொடக்கத்திலேயே பட்டியலில் இருந்தது. 2024-ல் இத்திட்டத்துக்கு ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது.

ஆனால் பேச்சுப் பயிற்சிக்கு அந்தத் தொடக்கப் பட்டியலில் தனி இடம் இல்லை. கை காலை நீட்டி மடக்க ஆள் வந்தால் மட்டும் போதுமா? வேலை போனவருக்கு வழி சொல்லவும் ஒருவர் வேண்டாமா?

சட்டத்தில் வழிகள் இருக்கத்தான் செய்கின்றன. ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், சான்றிதழ் பெற்று சலுகைகள் கேட்கலாம். ஈ.எஸ்.ஐ.யில் உள்ள தொழிலாளிக்கு ஒரு பக்கம் செயலிழந்தால், தகுதி இருக்கும் பட்சத்தில் 80 சதவீத சம்பளம் 2 ஆண்டு வரை கிடைக்க இடம் உண்டு. கையெழுத்துப் போட முடியாதவர் பாங்கியில் கைநாட்டு வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி விதியில் வழி இருக்கிறது. இரண்டு சாட்சி வேண்டும். அதில் ஒருவர் பாங்கி அதிகாரி.

இவற்றைப் படுக்கையில் கிடப்பவரிடம் போய்ச் சொல்வது யார்? சான்றிதழுக்கு எந்த வாசலில் நிற்பது, எந்தப் படிவத்தை எழுதுவது என்று தெரியாமல் எத்தனையோ குடும்பங்கள் பேசாமல் இருந்து விடுகின்றன.

செலவு யானையா?

"வீட்டுக்கு வீடு ஸ்பெஷலிஸ்டு அனுப்பக் கட்டுப்படியாகுமா?" என்று அதிகாரிகள் கேட்கலாம். தினமும் அனுப்பச் சொல்லவில்லை. மாநகராட்சி மண்டலத்துக்கு ஒரு குழு போதும். பேச்சுப் பயிற்சியாளர் ஒரு முறை வந்து காட்டிவிட்டுப் போனால், தெருவில் ஏற்கெனவே மாத்திரை கொடுக்கிற பெண் தன்னார்வலர் அதைத் தொடரலாம். கூடவே ஒரு சமூகப் பணியாளர். அவர் வேலை: சான்றிதழ், பாங்கி, ஈ.எஸ்.ஐ., முதலாளியிடம் பேச்சுவார்த்தை. வாரம் ஒரு நாள் எல்லோரும் கூடிப் பெயர் பெயராகப் பேச வேண்டும்.

முதல் வேலையாக, டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும் அன்றே நோயாளியின் விலாசம் அந்த மண்டலத்துக்குப் போகட்டும். மாத்திரைப் பையோடு வீட்டுக்குப் போகிறவர் பின்னாலேயே, ஒரு வாரத்துக்குள் குழு கதவைத் தட்டட்டும். உயிரைக் காப்பாற்ற இவ்வளவு செலவு செய்கிற அரசு, அந்த உயிர் பிழைக்க வழியும் காட்ட வேண்டாமா?