கண் சொன்ன வயசு

போன மாதம் எனக்குக் கண்புரை ஆபரேஷன். ஐயப்பன்தாங்கல் வீட்டில் சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தவனுக்குப் பேரன் படித்துக்காட்டிய சமாசாரம் இது.

வட அட்லாண்டிக் குளிர்கடலில் வாழும் கிரீன்லாந்து சுறாவின் வயதைக் கண் லென்ஸை வைத்துத்தான் கணித்தார்களாம். லென்ஸின் நடுப்பகுதி பிறக்கும் முன்பே உருவாகி அப்படியே தங்கிவிடுகிறது. அதிலுள்ள ரேடியோ கார்பனை அளந்தார்கள். 2016இல் வெளியான முடிவு: ஐந்து மீட்டர் நீளப் பெண் சுறாவுக்குச் சுமார் 392 வயது. முன்னே பின்னே 120 வருடம் இருக்கலாமாம். (நமக்கு மொத்த ஆயுளே அவ்வளவு இல்லை!) நம் சென்னைக்கே 1639இல்தான் பிள்ளையார் சுழி போட்டார்கள்.

எனக்கு உறைத்தது வேறு. அது குட்டி போடும் பருவத்துக்கு வரவே சுமார் 150 வருடமாகிறது. அதைத்தான் ஈரல் எண்ணெய்க்காகப் போன நூற்றாண்டு வரை அங்கே வேட்டையாடினார்கள்.

நம் பக்கமும் அதே கதைதான். கொச்சியில் வந்திறங்கும் ஆழ்கடல் சுறாக்களையும் ஈரல் எண்ணெய்க்காகவே பிடிக்கிறார்கள். முகத்துக்குப் பூசும் கிரீமில் சேரும் ஸ்குவாலீன் அதில் இருக்கிறது. அவற்றில் சில இனம் ஈற்றுக்கு ஒன்றிரண்டு குட்டிதான் போடும். சுறா பிடிப்பதில் பேர்போன குமரி மாவட்டத் தூத்தூர் மீனவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அது அவர்கள் பிழைப்பு. கரும்பிலிருந்தே அந்தச் சரக்கை எடுக்கிறார்கள் இப்போது. எதிலிருந்து எடுத்தது என்று கேட்டு வாங்க வேண்டியது நாம்தான்.

இதை மருமகளிடம் சொன்னேன். "பால் ஊறணும்னு எனக்குக் காசிமேட்டுல பால்சுறா வாங்கிட்டு வந்தது நீங்கதானே மாமா?" என்றாள்.

நான்தான்.